வேலியோரம் செங்காந்தள்: வாசகர் கேள்வி – பதில்

ஆடி பிறந்ததும் தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களிடமிருந்து செங்காந்தளைப் பற்றிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். கரட்டோரத்திலும் கள்ளி வேலியிலும் கொடி கண்ணில் படத் தொடங்குவது அப்போதுதான். இந்த இதழில் பகுதி முழுவதையும் அதற்கே விட்டுவிட்டோம். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்று எந்தப் பெயரில் கேட்டிருந்தாலும் செடி ஒன்றுதான். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

பென்னாகரம் வாசகர்: ஒகேனக்கல் போகிற வழியில் புதரோரம் பூத்திருந்த காந்தளை மண்ணோடு பெயர்த்து வந்து வீட்டு முன்னால் நட்டேன். தண்ணீர் தவறாமல் ஊற்றியும் நாலே நாளில் துவண்டு போயிற்று. என்ன தப்பு?

பெயர்த்த காலமும் தப்பு, பெயர்த்த இடமும் தப்பு.

பூத்து நிற்கிற காந்தளுக்கு அடியில் இரண்டு கிழங்குகள் இருக்கும். போன வருடத்துக் கிழங்கு தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடிக்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கிக்கொண்டிருக்கும். அடுத்த வருடத்துக்கான புதுக் கிழங்கு தண்டின் அடியில் அப்போதுதான் திரளத் தொடங்கியிருக்கும். தண்டும் கிழங்கும் சேருகிற கணு வெள்ளரிப் பிஞ்சு மாதிரிப் படக்கென்று ஒடிகிற இடம். மண்கட்டி உடையாமல் எடுத்து வந்ததாக நினைத்திருப்பீர்கள். உள்ளே அந்தக் கணு விட்டுப்போயிருக்கும். வேரும் கொஞ்சம்தான் இருக்கும், அதிலும் பாதி அறுந்திருக்கும். அதற்கு மேல் தினமும் தண்ணீர் ஊற்றினால் கிழங்கு அழுகத்தான் செய்யும்.

இப்போது தண்ணீரை நிறுத்திவிட்டு மெதுவாகக் கிளறிப் பாருங்கள். சுண்டுவிரல் தடிமனுக்காவது புதுக் கிழங்கு கெட்டியாக, கீறினால் வெள்ளையாக இருந்தால் நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வையுங்கள். வரும் வைகாசி மழைக்கு முளைக்கலாம். முளைத்தாலும் அந்த வருடம் பூவை எதிர்பார்க்க வேண்டாம்.

இடத்தைப் பற்றி: பென்னாகரம், ஒகேனக்கல், அஞ்செட்டி சுற்றுவட்டாரத்தில் ரோட்டோரப் புதர் என்று நாம் நினைக்கிற இடங்களில் பல காப்புக்காடு. அங்கிருந்து செடி கொடியைப் பெயர்ப்பது தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இன்படி குற்றம். பயிரிட்ட கிழங்கு விலைக்குக் கிடைக்கும்போது அந்த வம்பு எதற்கு? உங்கள் சொந்தக் கொல்லை வரப்பில் தானாக வளர்ந்த செடி என்றால் கொடி காய்ந்த பிறகு, தை, மாசியில் எடுங்கள். தாராளமாகப் பிழைக்கும்.

காரிமங்கலம் வாசகி: பத்துக் கிழங்கு வாங்கி நட்டதில் நாலுதான் முளைத்தது. மற்றவற்றைத் தோண்டிப் பார்த்தால் அழுகவும் இல்லை, அப்படியே கிடக்கிறது. கிழங்கைப் பார்த்து வாங்குவது எப்படி? நடுவது எப்படி?

அழுகாமலும் முளைக்காமலும் கிடக்கிறது என்றால் பெரும்பாலும் முனை ஒடிந்த கிழங்கு. இதை விரிவாகவே சொல்ல வேண்டும். காந்தள் வளர்ப்பில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

உருளைக்கிழங்கில் உடம்பெல்லாம் கண் இருக்கும். ஒன்று போனாலும் இன்னொன்று முளைக்கும். காந்தள் கிழங்கு அப்படியில்லை. விரல் தடிமனில், இரண்டு கையாகப் பிரிந்து, ஏர்க்கலப்பை வளைவில் இருக்கும் (கலப்பைக்கிழங்கு என்ற பெயர் அதனால்தான்). ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்குருத்து. வெளிறிய, கூரான சின்ன மொட்டு அது. சாக்கில் போட்டு உலுக்கிக்கொண்டு வரும்போது முதலில் நசுங்குவது அந்த நுனிதான். நுனி போன கை எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது.

வாங்கும்போது கிழங்கைக் கையில் எடுத்து இரண்டு நுனியையும் பாருங்கள். இரண்டும் முழுசாக இருந்தால் ஒரே கிழங்கில் இரண்டு கொடி. ஒன்று மட்டும் இருந்தால் ஒரு கொடி. இரண்டும் கறுத்தோ மழுங்கியோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எடை 50 முதல் 60 கிராம் இருப்பது நல்லது. 20 கிராம் கிழங்கும் முளைக்கும், ஆனால் முதல் வருடம் இலையோடு நின்றுவிடும். தோலில் வெள்ளைப் பூசணமோ அழுத்தினால் உள்ளே போகிற மெத்தென்ற இடமோ இருக்கக் கூடாது. இரண்டு கையையும் பிரித்து நட விரும்பினால் வளைவுள்ள இடத்தில் ஒடித்து, ஒடித்த வாய் காயும்படி இரண்டு நாள் நிழலில் போட்டு வைத்துப் பிறகு நடலாம். கிழங்கைத் தொடும் வேலை எல்லாவற்றுக்கும் கையுறை போடுங்கள். காரணம் கீழே வருகிறது.

நடவு வைகாசிக் கடைசியிலிருந்து ஆடி முதல் வாரம் வரை. கோடை மழை இரண்டு பெய்து மண் குளிர்ந்திருக்க வேண்டும். நடுவதற்கு முன் சூடோமோனாஸ் (நோயை அடக்கும் நல்ல பாக்டீரியா) பொடியை லிட்டருக்கு 10 கிராம் வீதம் கரைத்து அதில் அரை மணி நேரம் கிழங்கை ஊறவைத்து எடுங்கள். அடியழுகல் நோய் குறையும்.

குழி ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம். எடுத்த செம்மண்ணோடு இரண்டு கிலோ நன்றாக மட்கிய தொழு உரம், 50 கிராம் வேப்பம்புண்ணாக்கு கலந்து முக்கால் பங்கு நிரப்புங்கள். மண் களிப்பாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஆற்று மணலோ எம்-சாண்டோ சேர்க்கலாம். கிழங்கைச் செங்குத்தாக நிறுத்த வேண்டாம். படுக்க வைத்து, முளைநுனி லேசாக மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, மேலே 5 முதல் 8 சென்டிமீட்டர் மண் போட்டால் போதும். மண்ணை மிதிக்காதீர்கள். குழிக்குக் குழி ஒன்றரை முதல் இரண்டு அடி.

நட்ட அன்று ஒரு தண்ணீர். பிறகு முளை தெரிகிற வரை, மேல்மண் இரண்டு விரல்கடை ஆழத்துக்குக் காய்ந்தால் மட்டும். எல்லாம் ஒரே நாளில் முளைக்காது. ஒன்று 15 நாளில் எட்டிப் பார்க்கும், பக்கத்துக் குழியில் இருப்பது 50 நாள் எடுக்கும். பொறுமையில்லாமல் கிளறினால் வருகிற குருத்தும் ஒடியும். அந்தக் குருத்து ஒடிந்தால் அந்தக் கைக்கு அந்த வருடம் முடிந்தது. ஒவ்வொரு குழியிலும் ஒரு அடையாளக் குச்சி நட்டு வையுங்கள். களைவெட்டியால் போகிற குருத்துகள்தான் அதிகம்.

மிச்சமுள்ள ஆறு கிழங்கையும் அப்படியே விடுங்கள். நுனி நன்றாக இருந்தால் தாமதமாகவாவது வரும்.

ஓசூர் வாசகி: அடுக்குமாடியில் மூன்றாம் தளம். பால்கனியில் நாலு மணி நேரம் வெயில். தொட்டியில் வருமா?

வரும். நாலு மணி நேர வெயில் மட்டாகத்தான் இருக்கிறது. ஆனால் கிழக்கு வெயில் என்றால் போதும். தொட்டி குறைந்தது 14 அங்குல ஆழம் இருக்கட்டும், அகலம் ஒரு அடி. அதற்கு இரண்டு கிழங்கு. கலவை: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. தேங்காய்நார்க் கழிவை அதிகம் சேர்க்க வேண்டாம். ஓசூர் குளிரிலும் தூறலிலும் அது ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், கிழங்கு அழுகும். அடித்துளை மூன்றாவது இருக்கிறதா, தட்டில் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். தட்டையே எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

கொடி ஐந்தாறு அடி போகும். பால்கனிக் கம்பி தடிமனாக இருக்கும் என்பதால் அதில் மெல்லிய நைலான் வலை கட்டிவிடுங்கள். ரோஜாவுக்கு ஊற்றுகிற கணக்கில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். அருகருகே இரண்டு தொட்டியும் இருந்தால் நிச்சயம் அந்தத் தவறு நடக்கும்.

கிருஷ்ணகிரி வாசகர்: நல்ல மூங்கில் கழி ஊன்றிக் கொடுத்தும் ஏறவில்லை. கட்டிவிட்டால் தண்டு முறிகிறது. பக்கத்தில் இருக்கும் முருங்கைக் குச்சியில் மட்டும் தானாகப் பிடித்துக்கொண்டு போகிறது. ஏன்?

இலையின் நுனியை உற்றுப் பாருங்கள். அவரை மாதிரித் தண்டு சுற்றி ஏறுகிற கொடியல்ல இது. பாகல் மாதிரித் தனிப் பற்றுக்கம்பியும் கிடையாது. இலையே நுனியில் நூலாக ஒடுங்கிச் சுருள்கிறது. அந்தச் சுருள்தான் பிடி. ஒரு சுருளின் வட்டம் பென்சிலைச் சுற்றப் போதும், மூங்கிலைச் சுற்றப் போதாது. அதிலும் கீழே இருக்கிற இலைகளுக்குச் சுருள் இருக்காது. முழங்கால் உயரம் தாண்டிய பிறகுதான் நுனி சுருளத் தொடங்கும்.

அதனால் செடி ஒரு முழம் வளர்ந்ததுமே சிம்புகள் நிறைந்த காய்ந்த மிளாறுகளைச் சுற்றிலும் ஊன்றுங்கள். நம் பக்கத்துக் கரடுகளில் கிடைக்கும் விராலி மிளாறு இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். விதைக்காகக் காந்தள் பயிரிடுகிற விவசாயிகளும் விராலியையும் கிளுவையையும்தான் படர்கொம்பாக வைக்கிறார்கள். உயிர்வேலி போட எண்ணம் இருந்தால் கிளுவைப் போத்தை ஊன்றிவிடுங்கள், அது தழைத்து காந்தளுக்கும் இடம் கொடுக்கும். மூங்கிலை எடுக்க வேண்டாம். அதில் கோழிவலையைச் சுற்றிவிட்டால் அதுவே பந்தல். கயிற்றால் தண்டைக் கட்டுவதை விட்டுவிடுங்கள். காற்றில் ஆடும்போது கட்டிய இடத்தில்தான் முறியும்.

பாலக்கோடு வாசகர்: இரண்டு வருடமாக இலை தளதளவென்று வருகிறது. ஒரு பூ இல்லை. தக்காளிக்குப் போடுகிற உரத்தையே இதற்கும் போட்டேன்.

தளதளப்புக்குக் காரணம் அந்த உரம்தான். தழைச்சத்து ஏறினால் கொடி நீளும், இலை அகலும், பூ தள்ளிப் போகும். யூரியாவை அறவே நிறுத்துங்கள். முளைத்து ஒரு மாதத்தில் ஒரு கைப்பிடி மண்புழு உரம், மொட்டு தெரியும்போது குழிக்கு இரண்டு கைப்பிடி மரச்சாம்பல். அதற்கு மேல் வேண்டாம். உங்கள் போர் தண்ணீர் உப்புப் பூத்துத் தொட்டியில் வெள்ளைப் படிவு விடுகிற தண்ணீர் என்றால் சாம்பலையும் தவிர்த்துவிடுங்கள். மண்ணின் கார அமிலநிலை 6 முதல் 7 வரை இருப்பதையே காந்தள் விரும்பும். சாம்பல் அதை மேலே தள்ளும்.

உரத்தை நிறுத்தியும் பூக்காவிட்டால், தை மாதம் கிழங்கைத் தோண்டி எடை பாருங்கள். 30 கிராமுக்குக் கீழே இருந்தால் இன்னும் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். மரத்தடி நிழல் என்றால் இடத்தை மாற்றுங்கள். அடி நிழலாகவும் தலை வெயிலாகவும் இருக்கிற இடம் இதற்குத் தோது. காட்டில் புதருக்குள் முளைத்து மேலே வந்து பூக்கிற கொடி என்பதை நினைவில் வைத்தால் இடம் தேர்வது சுலபம்.

காவேரிப்பட்டினம் வாசகி: கறுப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்த புழு ஒரே ராத்திரியில் இலையெல்லாம் தின்றுவிட்டது. விஷச்செடியைப் புழு தின்னுமா? என்ன மருந்து அடிப்பது?

தின்னும். இது காந்தளையும் அல்லி வகைப் பூச்செடிகளையும் தேடி வருகிற புழு. அந்த விஷம் அதற்கு ஒன்றும் செய்வதில்லை. தாய் அந்துப்பூச்சி இலையின் அடிப்பக்கம் கூட்டமாக முட்டையிடும். புழு பெருத்த பிறகுதான் கண்ணில் படும், அப்போது இலை மிஞ்சியிருக்காது.

வீட்டில் நாலைந்து செடிதான் என்றால் மருந்தே வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் இரண்டு நாளைக்கு ஒரு முறை காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள். முட்டைக் கூட்டம் இருக்கும் இலைத்துண்டைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். புழுவையும் கையுறையோடு பொறுக்கி அதே வாளியில் போடுங்கள். நிறையச் செடி இருந்தால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல்: 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். சின்னப் புழுவுக்குத்தான் இது கேட்கும், பெரிய புழுவுக்குக் கைதான். புழு மண்ணுக்குள் போய்த்தான் கூண்டுப்புழுவாக மாறும். கொடி காய்ந்த பிறகு மேல்மண்ணைச் சற்றுக் கிளறிவிட்டால் மைனாவும் காட்டுச்சிலம்பனும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கிளறுவது இரண்டு விரல்கடைக்கு மேல் போக வேண்டாம், கீழே கிழங்கு இருக்கிறது.

தொடர்ந்து நசநசவென்று மழை பிடித்தால் இலையில் பழுப்புப் புள்ளி விழுந்து கருகும். அது பூஞ்சாணம், மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், ஒரு முறை அடித்தால் நிற்கும்.

அரூர் வாசகர்: போன மார்கழியில் மஞ்சளாகி, தையில் முழுவதும் காய்ந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் செத்துவிட்டது என்கிறார்கள். அந்த இடத்தில் தினமும் தண்ணீர் விட்டு வருகிறேன். உயிர் வருமா?

தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். செடி சாகவில்லை, தூங்குகிறது. நீங்கள் ஊற்றுகிற தண்ணீர்தான் அதைச் சாகடிக்கும்.

காந்தளின் வருடம் இப்படி: வைகாசி, ஆனியில் முளை. ஆடி, ஆவணியில் ஏற்றம். ஆவணிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரை பூ. மார்கழியில் காய் முற்றி, தையில் கொடி சருகாகும். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் மண்ணுக்கு மேல் ஒன்றும் இருக்காது. வேரும் காய்ந்துவிட்டிருக்கும், அதனால் ஊற்றுகிற தண்ணீரைக் குடிக்க ஆளில்லை. ஈரம் கிழங்கைச் சுற்றியே நிற்கும். அடியழுகல் பூஞ்சாணம் நுழையும். தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் எழுப்பிவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். உறக்கக் காலம் முடியாமல் அது எழுந்திருக்காது.

சருகான கொடியைத் தரை மட்டத்தில் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் காய்ந்த இலைச்சருகை மூடாக்காகப் போடுங்கள். அரூர் வெயிலில் மண் அதிகம் சுடாமல் இருக்க அது போதும். சொட்டுநீர்க் குழாய் போகிற பாத்தி என்றால், அல்லது பக்கத்தில் தினமும் தண்ணீர் கேட்கிற செடி இருந்தால், கிழங்கைத் தோண்டி எடுத்துவிடுவது பத்திரம். களைவெட்டியை விட்டுவிட்டு, ஒரு முழம் தள்ளிக் கடப்பாரையால் நெம்பிக் கையால் எடுங்கள். மண்ணைக் கழுவ வேண்டாம், உதறினால் போதும். ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, மண்சட்டியில் காய்ந்த மணல் ஒரு அடுக்கு, கிழங்கு ஒரு அடுக்கு என்று வைத்து, காற்றோட்டமான இருட்டு மூலையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வேர்த்து அழுகும். சட்டியின் மேல் ‘விஷக்கிழங்கு’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இவ்வளவு நாள் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள் என்பதால் இப்போதே ஒரு பக்கம் கிளறிப் பார்ப்பது நல்லது. கெட்டியாக இருந்தால் மூடிவிடலாம். குழகுழவென்றிருந்தால் அந்த மண்ணையே மாற்ற வேண்டும், அதே குழியில் இரண்டு வருடம் காந்தள் வேண்டாம்.

ஊத்தங்கரை வாசகி: வீட்டில் மூன்று வயதுப் பேரன், நாலு ஆடு. மாமியார் இந்தச் செடியே வேண்டாம் என்கிறார். அவ்வளவு விஷமா?

உங்கள் மாமியார் சொல்வது சரி. பேரன் கொஞ்சம் வளர்கிற வரை நட வேண்டாம்.

செடி முழுக்கக் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். மூட்டுவாத மருந்தில் மில்லிகிராம் கணக்கில் சேர்க்கிற அதே பொருள்தான். கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கையில் பிடித்து யாரும் சொல்ல முடியாது. வேகவைத்தாலும் போகாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மண் ஒட்டிய காந்தள் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் இருக்கிறார்கள். குச்சிக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் தினசரிச் சாப்பாட்டில் இருக்கிற நம் மாவட்டங்களில் இந்த ஆபத்து கூடுதல். கிழங்குப் பயிர் இருக்கிற பாத்தியில் ஒருபோதும் காந்தளை நடாதீர்கள். குழந்தைக்கு ஆபத்து விதையால். காய் வெடித்தால் உள்ளே செக்கச்செவேலென்று மணி மணியாக இருக்கும். எந்தக் குழந்தையும் எடுத்து வாயில் போடும்.

தின்றுவிட்டால் உடனே ஒன்றும் தெரியாது. இரண்டு மணி நேரத்திலிருந்து அரை நாள் வரைகூடச் சும்மா இருக்கும். பிறகு தொண்டை எரிச்சல், நிற்காத வாந்தி, தண்ணீராகப் பேதி. ஒரு நாள் கழித்துச் சற்றுத் தெளிந்தாற்போலத் தெரியலாம். அதை நம்பி வீட்டுக்குக் கூட்டிவந்துவிடக் கூடாது. சிறுநீரகம், ரத்த அணு, இதயம் பாதிக்கப்படுவது அதற்குப் பிறகுதான். பிழைத்தவர்களுக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் முடி கொட்டும். ஆகவே தின்றது தெரிந்தாலே போதும், அறிகுறிக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற கைவைத்தியம் வேண்டாம். மிச்சமிருக்கும் கிழங்கையோ காயையோ ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மருத்துவரிடம் ‘கண்வலிக்கிழங்கு’ என்று பெயர் சொல்லிக் காட்டுங்கள். இன்ன விஷம் என்று தெரிவது சிகிச்சையில் பாதி.

ஆட்டுக்கும் இது விஷம்தான். பிடுங்கிப் போட்ட கொடியையும் களைக் குவியலையும் ஆடு எட்டுகிற இடத்தில் விடக் கூடாது. காந்தள் வைத்திருக்கிற மற்ற வாசகர்களுக்கு: விதை வேண்டாம் என்றால் பூ வாடியதும் பிஞ்சைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். வேலைக்குப் பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள், கையுறையோடு கண்ணைத் தேய்க்காதீர்கள்.

பாப்பிரெட்டிப்பட்டி வாசகர்: பூ நிறைய வருகிறது, காய் பிடிப்பதில்லை. விதையிலிருந்து வளர்க்கலாமா?

பூவைப் பக்கவாட்டில் பாருங்கள். ஆறு இதழும் அலையலையாகப் பின்னால் மடிந்திருக்கும். கீழே ஆறு மகரந்தக் கம்பிகள் குடைக்கம்பிபோல விரிந்திருக்கும். சூல்தண்டு மட்டும் சூலகத்தை விட்டுக் கிளம்பியதுமே முழங்கையை மடக்கினாற்போலச் சட்டென்று ஒரு பக்கம் திரும்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன் மேல் படாமல் இருக்க அந்தத் திருப்பம். பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ வந்தால்தான் சேரும். ஒற்றைச் செடி வைத்திருப்பவர்களுக்குக் காய் குறைவதற்கு இதுதான் காரணம்.

காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள், அன்று வெடித்த மகரந்தப்பையைக் கிள்ளி வேறொரு செடியின் பூவில் அந்த நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் மூன்று பிளவு நுனியில் தடவுங்கள். கரும்பச்சைக் காய் வெளிறிச் சுருக்கம் விழத் தொடங்கியதும் பறித்து, நிழலில் ஒரு வாரம் பத்து நாள் உலர்த்தி விதை எடுக்கலாம்.

விதையிலிருந்து வளர்க்கலாம்தான். மேலே ஒட்டியிருக்கும் சிவப்புச் சதையைத் தேய்த்து எடுத்து, ஒரு நாள் ஊறவைத்து, மணல் கலந்த தட்டில் வைகாசியில் விதைக்கலாம். ஒன்றிரண்டு மாதத்தில் ஒழுங்கில்லாமல் முளைக்கும். முதல் வருடம் பட்டாணி அளவில் ஒரு கிழங்கு, அவ்வளவே. பூ மூன்றாவது அல்லது நாலாவது வருடம். அவசரக்காரர்களுக்கு விதை சரிப்படாது.

தேன்கனிக்கோட்டை வாசகர்: வேலியோரம் காந்தளோடு சேர்த்து நம் மண்ணுக்கே உரிய வேறு என்ன பூச்செடி வைக்கலாம்? காந்தள் தூங்குகிற மாதங்களில் இடம் வெறிச்சென்றிருக்கிறது.

ஆவாரை முதல். தண்ணீர் கேட்காது, மஞ்சள் பூ வருடத்தில் பல மாதம் இருக்கும், அதன் மெல்லிய கிளையில் காந்தளும் ஏறிக்கொள்ளும். ஆவாரைக்குள்ளிருந்து செங்காந்தள் எட்டிப்பார்ப்பது பணம் கொடுத்தாலும் நர்சரியில் கிடைக்காத அழகு. வெளிப்பக்கத்துக்குச் செம்முள்ளி, முள்ளும் இருக்கிறது, ஆரஞ்சு மஞ்சளில் பூவும் இருக்கிறது. தரையில் விஷ்ணுகிராந்தி விட்டால் நீலப் பொட்டு வைத்தாற்போலப் படரும், வேர் ஆழம் போகாததால் கிழங்கைத் தொந்தரவு செய்யாது.

இரண்டு எச்சரிக்கை. தண்ணீர்விட்டான் கொடி வெள்ளைப் பூவோடு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதன் கிழங்கை மருந்துக்குத் தோண்டுவார்கள். காந்தள் பக்கத்தில் அது இருந்தால் என்றாவது ஒரு நாள் கிழங்கு மாறும். தோட்டத்தின் மறுகோடியில் வையுங்கள். இன்னொன்று, உண்ணிச்செடியை அழகுக்கென்று வேலியில் வைக்காதீர்கள். அது வெளிநாட்டிலிருந்து வந்தது; உங்கள் பக்கத்துக் காடுகளில் அது அடைத்துக்கொண்ட இடத்தில் காந்தள் உட்பட எதுவும் தலைதூக்குவதில்லை.

மொரப்பூர் வாசகி: இந்தப் பூவைப் பார்த்தாலே கண்வலி வரும் என்கிறார்களே?

பார்த்தால் வராது. சாறு பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் எரியும். குழந்தைகளைச் செடியிடமிருந்து விலக்கி வைக்க அந்த மிரட்டல் உதவியிருக்கிறது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். பூவைப் பறித்துத் தண்ணீர் உள்ள குவளையில் வைத்தால் பச்சையிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து சிவப்பு என்று நிறம் மாறிக்கொண்டே ஒரு வாரம் நிற்கும். குவளைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் சாக்கடையில் கொட்டிவிட்டுக் குவளையைக் கழுவி வையுங்கள். சாப்பாட்டு மேசையில் வைக்க வேண்டாம்.

பர்கூர் வாசகர்: அரை ஏக்கரில் விதைக்காகப் பயிரிட்டால் கட்டுமா?

இது தோட்டப் பகுதி என்பதால் சுருக்கமாக: மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. முதல் வருடச் செலவில் பெரும்பங்கு கிழங்குக்கும் கம்பிப் பந்தலுக்கும் போய்விடும். விதை விலை ஒரு வருடம் போல் மறு வருடம் இருப்பதில்லை. பூத்திருக்கும் காலம் முழுக்க தினமும் காலையில் மகரந்தம் தடவ ஆள் வேண்டும். வாங்குகிறவர் யார் என்று தெரியாமல் இறங்காதீர்கள். பத்துக் கிழங்கை வேலியில் நட்டு இரண்டு வருடம் பாருங்கள். ஒவ்வொரு முழுக் கிழங்கும் இரண்டு கொடியாகி, ஒவ்வொரு கொடியும் தையில் ஒரு புதுக் கிழங்கை விட்டுச் செல்வதால், அழுகல் இல்லாவிட்டால் பத்து இருபதாகி, இருபது நாற்பதாகும். அந்தக் கணக்கு உங்கள் மண்ணில் எவ்வளவு தேறுகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், அடுத்ததைப் பேசுவோம்.